மோட்டார் காப்புறுதி: மூவிடமும் முழுமையும்

காப்பு என்பது தமிழில் பழைய சொல். கையில் அணியும் வளை காப்பு. நூலின் தலையில் வைத்துப் பாடும் செய்யுள் காப்பு. காவல் செய்தலும் காப்பே. தீங்கு வாராமல் தடுத்தல் என்னும் கருத்து இவை யாவற்றுக்கும் பொது. மலேசியாவிலும் இலங்கையிலும் வழங்கும் காப்புறுதி என்னும் சொல்லும், தமிழ்நாட்டில் வழங்கும் காப்பீடு என்னும் சொல்லும் இதன் வழியே தோன்றியவை. இவ்விரண்டில் உண்மைக்கு அணுக்கமாக நிற்பது காப்பீடு என்னலாம். ஏனெனில், காப்புறுதிப் பத்திரம் எந்த விபத்தையும் தடுப்பதில்லை. விபத்து நேர்ந்த பிறகு, நேர்ந்த இழப்புக்குப் பணமாக ஈடு தருகிறது. அந்த ஈடும் எல்லார்க்கும், எல்லாவற்றுக்கும், எல்லா அளவிலும் கிடைப்பதன்று. எவருக்கு, எதற்கு, எவ்வளவு என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தெரியாமல் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர், காப்பு உண்டு என்ற நம்பிக்கையை மட்டுமே வைத்துப் பூட்டியவர் ஆவார்.

ஜொகூர் மாநிலத்தின் கோத்தா திங்கி வட்டாரத்தில் இவ்வினாக்கள் ஏட்டளவில் நிற்பவை அல்ல. நகரம் ஜொகூர் ஆற்றின் கரையில் இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும் குடியேற்றத் திட்டங்களும் பரந்து கிடக்கின்றன. தோட்டத்திலிருந்து கடைத்தெருவுக்கும், மருத்துவமனைக்கும், ஜொகூர் பாருவின் தொழிற்சாலைகளுக்கும் செல்லக் காரோ மோட்டார் சைக்கிளோ இன்றியமையாதது. அவ்வண்டியே பல குடும்பங்களின் மிகப் பெரிய உடைமையும் ஆகும். 2006 டிசம்பரிலும், மக்கள் வீடு திரும்பித் துப்புரவு செய்து முடிப்பதற்குள் மீண்டும் 2007 சனவரியிலும், ஆறு பெருகி நகரை மூழ்கடித்தது. அவ்விரு வெள்ளங்களிலும் ஜொகூர் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தது. 2023 மார்ச்சிலும் ஜொகூரில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு ஈடு உண்டா என்ற வினாவுக்கு, "முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறேனே" என்பது விடையாகாது. அஃது ஏன் என்பதை முறையாகக் காண்போர்க்கு மோட்டார் காப்புறுதியின் வகைகள் யாவும் விளங்கும்.

தன்மை, முன்னிலை, படர்க்கை

பத்திரத்தில் முதலில் கண்ணில் படும் சொல் மூன்றாம் தரப்பு என்பது. மலாயில் பிஹாக் கெதிகா என்று அச்சிட்டிருப்பார்கள். மூன்றாம் தரப்பு உண்டெனில் முதல் இரண்டு தரப்பினர் யாவர்? தமிழாசிரியர்க்கு இதனை விளக்க இலக்கணமே போதும். ஒப்பந்தம் செய்துகொள்ளும் வண்டிக்காரர் தன்மை. அவரிடம் கட்டணம் பெற்று வாக்குறுதி தரும் காப்புறுதி நிறுவனம் முன்னிலை. இவ்விருவர் பேச்சிலும் கலவாது, சாலையில் நடந்து செல்பவரும் எதிர் வண்டியில் வருபவரும் படர்க்கை. வண்டிக்காரரின் தவற்றால் அந்தப் படர்க்கையார் அடிபட்டால் வண்டிக்காரர் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை நிறுவனம் கொடுக்கும் என்பதே மூன்றாம் தரப்புக் காப்புறுதி.

இதிலிருந்து ஓர் உண்மை தானே புலப்படும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி, கட்டணம் செலுத்தியவரின் வண்டிக்கோ உடலுக்கோ ஒன்றும் தருவதில்லை. அது முழுவதும் பிறர்க்காக எடுக்கப்படுவது. "ஆண்டுதோறும் பணம் கட்டினேன், என் காரைப் பழுதுபார்க்க ஒரு காசும் தரவில்லை" என்று குறைபடுவோர், தாம் வாங்கிய பொருள் இன்னதென்று அறியாமல் குறைபடுகின்றனர்.

சட்டம் வேண்டுவது

இங்கிலாந்து 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தால் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. அந்த வழி பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாடுகளிலும் பரவியது. மலேசியாவில் இன்று ஆட்சி செய்வது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதன் 90ஆம் பிரிவின்படி, மூன்றாம் தரப்பு ஆபத்துக்குரிய காப்புறுதி இன்றி எவரும் மோட்டார் வண்டியைச் சாலையில் செலுத்தவோ, செலுத்தவிடவோ கூடாது. சாலை வரி புதுப்பிக்கக் காப்புறுதி முதலில் கேட்கப்படுவதும் இதனாலேயே.

சட்டம் கட்டாயமாக்கியது உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் உரிய பொறுப்பை மட்டுமே. பிறர் வண்டி, வேலி, கடைச்சுவர் ஆகியவற்றுக்கு நேரும் சேதம் சட்டத்தின் கட்டாயத்துள் வருவதில்லை. ஆனால் நாட்டில் விற்கப்படும் தனியார் காருக்குரிய மூன்றாம் தரப்புப் பத்திரங்கள் அதனையும் சேர்த்தே தருகின்றன. உயிருக்கும் உடலுக்கும் வரம்பில்லை. பொருட்சேதத்துக்கு வழக்கமான வரம்பு 30 லட்சம் வெள்ளி.

அடிபட்டவரைக் காக்கும் பொருட்டுச் சட்டம் இன்னோர் ஏற்பாடும் செய்திருக்கிறது. வண்டிக்காரர் பத்திரத்தின் நிபந்தனை ஒன்றை மீறியிருந்தாலும், பெரும்பாலான நேர்வுகளில் நீதிமன்றம் விதித்த இழப்பீட்டை நிறுவனம் அடிபட்டவர்க்குக் கொடுத்தாக வேண்டும். பிறகு அந்தப் பணத்தை வண்டிக்காரரிடமிருந்து திரும்பப் பெறலாம். அடித்துச் சென்ற வண்டிக்குக் காப்புறுதியே இல்லையெனின், அடிபட்டவர் 1968ஆம் ஆண்டின் உடன்படிக்கை வழி இயங்கும் மோட்டார் காப்புறுதியாளர் பீரோவை நாடலாம். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அங்கே வழி உண்டு. இதனை அறியாமல் உரிமையைக் கைவிட்ட ஏழைக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி இது.

மூன்று வகை

கடையில் கிடைக்கும் பத்திரங்கள் மூன்று வகைப்படும்.

முதலாவது, மேலே கூறிய மூன்றாம் தரப்புக் காப்புறுதி. கட்டணம் குறைவு. பழைய கார் வைத்திருப்போரும், மோட்டார் சைக்கிள் வைத்திருப்போரில் மிகப் பலரும் இதனையே எடுக்கின்றனர்.

இரண்டாவது, மூன்றாம் தரப்புடன் தீயும் திருட்டும் சேர்ந்த காப்புறுதி. பிறர்க்குரிய பொறுப்போடு, சொந்த வண்டி தீப்பற்றினாலும் திருடு போனாலும் ஈடு உண்டு. மோதிச் சேதமானால் இல்லை.

மூன்றாவது, கொம்பிரிஹென்சிவ் என்று வழங்குவது. தமிழில் முழுக் காப்புறுதி என்றும் விரிவான காப்புறுதி என்றும் சொல்வர். இதில் மேற்கூறிய யாவும் அடங்கும். மோதல், கவிழ்தல், பிறர் வேண்டுமென்று செய்த சேதம் ஆகியவற்றால் சொந்த வண்டிக்கு நேரும் இழப்பும் அடங்கும். மெர்சிங் சாலையில் காட்டுப் பகுதியைக் கடக்கையில் இரவில் காட்டு விலங்கொன்று குறுக்கே பாய்ந்து கார் நொறுங்கினால், எதிர்த்தரப்பு என்று எவரும் இல்லை. சொந்தக் காருக்கு ஈடு தருவது இந்த மூன்றாம் வகை ஒன்றே. தவணையில் கார் வாங்குவோர் இவ்வகையையே எடுக்க வேண்டும் என்று வங்கிகள் கேட்கும்.

இவையன்றித் தக்காஃபுல் என்பதும் உண்டு. இஸ்லாமிய நெறிப்படி, பங்கேற்போர் ஒருவர்க்கொருவர் உதவும் நிதியாக இஃது அமைந்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலேசியாவில் தொடங்கிற்று. எல்லாச் சமயத்தாரும் எடுக்கலாம். வகைகள் மேற்சொன்ன மூன்றேயாம்.

வண்டிக்குள் இருப்பவர் எவ்விடம்?

இங்கேதான் பலர் தடுமாறுவர். ஓட்டுநர் தன்மை, சாலையில் நிற்பவர் படர்க்கை, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் நண்பர் எவ்விடம்? இலக்கணம் அவரையும் படர்க்கை என்றே கூறும். சட்டம் அவ்வாறு கூறவில்லை. தனியார் காரில் செல்லும் பயணிக்கும், மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்பவர்க்கும் காப்பு வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கூலி கொடுத்து ஏறும் பயணிகளும், வேலை ஒப்பந்தத்தின்படி ஏற்றிச் செல்லப்படுவோரும் இதற்கு விலக்கு.

ஆகவே ஓட்டுநரின் தவற்றால் காயமுற்ற பயணி வழக்குத் தொடுத்து வென்றால், பணம் ஓட்டுநரின் சொந்தப் பையிலிருந்தே போக வேண்டியிருக்கும். இதற்கு மருந்து, பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்னும் கூடுதல் காப்பு. வழக்கில் எல்.எல்.பி. என்பர். சிறு தொகைக்குக் கிடைப்பது. முழுக் காப்புறுதியிலும் இது தானாக அடங்குவதில்லை. குடும்பத்தாரும் இதனுள் அடங்குவரா என்பதைப் பத்திரத்தின் சொற்களைக் கொண்டே உறுதி செய்தல் நன்று. ஓட்டுநரே தம் தவற்றால் காயமுற்றால், தனிநபர் விபத்துக் காப்பு வேறாக எடுத்திருந்தாலன்றி அவருக்கு ஈடு இல்லை.

மலேசியப் பத்திரம் சிங்கப்பூரிலும் புருணையிலும் செல்லும். ஆனால் சிங்கப்பூர்ச் சட்டம் பயணிகளுக்குரிய பொறுப்பையும் கட்டாயமாக்கியிருப்பதால், உறவினரை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடப்போர்க்கு இக்கூடுதல் காப்பு இன்றியமையாதது.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. தனியார் காருக்குரிய பத்திரம் சொந்தப் பயன்பாட்டுக்கே உரியது. தொழிற்சாலைக்குச் செல்லும் நால்வரிடம் மாதக் கூலி வாங்கி ஏற்றிச் செல்வது தோட்டங்களில் காணும் வழக்கம். அது வாடகைக்கு ஓட்டுதல் என்று கொள்ளப்பட்டால், சொந்தக் காரின் சேதத்துக்கு ஈடு மறுக்கப்படலாம்.

வெள்ளமும் முழுமையும்

இனி, எதற்கு என்னும் வினா. கொம்பிரிஹென்சிவ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பலவற்றையும் உள்ளடக்கியது என்பது பொருள். அதனை முழு என்று பெயர்த்தபோது, எதுவும் எஞ்சாதது என்னும் பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. எஞ்சியவை பல உண்டு. அவற்றுள் தலையாயது இயற்கைச் சீற்றம். வெள்ளம், புயல், சூறாவளி, நிலநடுக்கம், நிலச்சரிவு, மண் உள்வாங்குதல் ஆகியவற்றால் வரும் சேதத்தை அடிப்படைப் பத்திரம் வெளிப்படையாக விலக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு இதன் நுட்பத்தைக் காட்டும். காற்றில்லாத நாளில் பட்ட மரக்கிளை ஒன்று முறிந்து காரின்மேல் விழுந்தால், விழும்பொருளால் வந்த சேதம் என்று முழுக் காப்புறுதியில் ஈடு உண்டு. அதே கிளை புயற்காற்றில் முறிந்து விழுந்தால், காரணம் இயற்கைச் சீற்றம் ஆகிறது. அடிப்படைப் பத்திரத்தில் ஈடு இல்லை. கிளையும் காரும் சேதமும் ஒன்றே. காரணம் வேறுபட்டதால் முடிவும் வேறுபட்டது.

இந்த விலக்கை நீக்குவது சிறப்புப் பேரிடர் என்னும் கூடுதல் காப்பு. ஸ்பெஷல் பெரில்ஸ் என்று முகவரிடம் கேட்க வேண்டும். இதற்குரிய கட்டணம் பெரும்பாலும் காப்புத் தொகையில் நூற்றுக்கு அரை வெள்ளி அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். 40,000 வெள்ளிக் காருக்கு நூற்றுக்கு அரை வெள்ளி என்றால் ஆண்டுக்கு 200 வெள்ளி. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கியபோது, இந்தக் கூடுதல் காப்பின் பெயரையே முதன்முறை கேட்டவர் பலர். மூன்றாம் தரப்புக் காப்புறுதியும், தீயும் திருட்டும் சேர்ந்ததும் எடுத்தவர்க்கு வெள்ளத்தில் ஒன்றும் கிடையாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டில் உறவினர் உடையோர் இங்கே ஒரு மயக்கத்துக்கு ஆளாகலாம். இந்தியாவில் சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் பத்திரத்தில் வெள்ளமும் புயலும் அடிப்படையிலேயே அடங்கியுள்ளன. 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தில் ஈடு பெற்ற உறவினர், "முழுக் காப்பு இருந்தால் போதும்" என்று சொல்லக்கூடும். அவர் நாட்டில் அது மெய். அதே பெயருடைய பத்திரம் மலேசியாவில் வேறு உள்ளுறை கொண்டது.

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச்சு வரை நீள்வது. புதுப்பிக்கும் நாள் எந்த மாதமாயினும், அக்டோபருக்குள் பத்திரத்தை எடுத்து இக்கூடுதல் காப்பு உண்டா என்று பார்ப்பது கோத்தா திங்கிவாசிகளின் ஆண்டுக்கடன் ஆக வேண்டும். ஆறு அபாய அளவைத் தாண்டிய பிறகு முகவரைத் தேடுவது பயன் தராது. நீரில் நின்ற காரின் எஞ்சினை முடுக்கிப் பார்ப்பதும் தவறு. உள்ளே புகுந்த நீர் எஞ்சினை உடைத்துவிடும். இழுத்துச் சென்று சோதிப்பதே முறை.

எவ்வளவு?

மூன்றாம் வினாவுக்கு விடை கணக்கில் உள்ளது. காரின் சந்தை மதிப்பு 40,000 வெள்ளி என்க. கட்டணம் குறையட்டும் என்று 30,000 வெள்ளிக்கே காப்புறுதி எடுத்தார் ஒருவர். விபத்தில் 8,000 வெள்ளிச் சேதம். 30,000க்கு உட்பட்டதுதானே என்று 8,000 முழுவதும் எதிர்பார்ப்பார். கிடைப்பது 6,000. காப்புத் தொகை சந்தை மதிப்பில் நூற்றுக்கு 90க்குக் குறைந்தால், எஞ்சிய பங்குக்கு வண்டிக்காரரே காப்பாளர் என்று கொள்ளப்படுகிறார். இங்கே நான்கில் மூன்று பங்குக்கே காப்பு. ஆகவே சேதத்திலும் நான்கில் மூன்று பங்கே ஈடு. மிகுத்து எடுப்பதாலும் பயனில்லை. சந்தை மதிப்புப் பத்திரத்தில் சந்தை மதிப்புக்குமேல் எவரும் தாரார். ஒப்பிய மதிப்பு என்னும் முறையில், முன்னரே இருதரப்பும் இசைந்த தொகை முழு இழப்பின்போது கிடைக்கும்.

காருக்கு ஐந்து ஆண்டு நிரம்பிய பின், பழைய உறுப்புக்குப் பதிலாகப் புதிய உறுப்புப் பொருத்தினால், அதனால் வண்டி மேம்பட்டது என்று கருதி உறுப்பின் விலையில் ஒரு பகுதியை உரிமையாளர் ஏற்க வேண்டிவரலாம். வழக்கமான அளவின்படி ஐந்தாண்டுக் காருக்கு நூற்றுக்கு 15 வரையிலும், பத்தாண்டும் அதற்கு மேலுமான காருக்கு 40 வரையிலும் இது போகும். இருபத்தொரு வயதுக்குட்பட்டவரோ, பயிற்சி உரிமம் அல்லது தற்காலிக உரிமம் உடையவரோ, பத்திரத்தில் பெயர் குறிக்கப்படாதவரோ ஓட்டி வண்டி சேதமுற்றால், முதல் 400 வெள்ளியை உரிமையாளரே ஏற்கும் வழக்கமும் உண்டு. பிள்ளை ஓட்டுவான் எனின் அவன் பெயரைச் சேர்த்துவிடுதல் அறிவுடைமை.

கழிவுக் கணக்கு

ஈடு கோராத ஆண்டுகளுக்கு நிறுவனம் கட்டணத்தில் கழிவு தருகிறது. என்.சி.டி. என்று வழங்குவது இதுவே. தனியார் காருக்கு ஓராண்டுக்குப் பின் நூற்றுக்கு 25, இரண்டாண்டுக்கு 30, மூன்றாண்டுக்கு 38.33, நான்காண்டுக்கு 45, ஐந்தாண்டும் அதற்கு மேலும் 55. ஒரு முறை ஈடு கோரினால் கழிவு சுழியாகிவிடும்.

அடிப்படைக் கட்டணம் 1,000 வெள்ளி என்று கொண்டால், ஐந்தாண்டு கோராதவர் கட்டுவது 450. இவர் தம் தவற்றால் நேர்ந்த 500 வெள்ளிப் பழுதுக்கு ஈடு கோரினால், அடுத்த ஆண்டுகளில் 1,000, 750, 700, 616.70, 550 என்று கட்டிய பிறகே மீண்டும் 450க்கு வருவார். மிகுதியாகக் கட்டியது 1,366.70 வெள்ளி. 500 வெள்ளி பெற 1,366.70 வெள்ளி இழப்பது எந்த வகுப்பு மாணவனும் ஒப்பாத வாணிகம். சிறு பழுதைச் சொந்தச் செலவில் பார்த்துக்கொள்வதே ஆதாயம். கண்ணாடிக்கெனத் தனிக் காப்பு எடுத்திருந்தால் அதில் கோருவது கழிவைக் குறைக்காது. குற்றம் எதிர்த்தரப்பினுடையதாயின், முழுக் காப்புறுதியுடையார் தம் நிறுவனத்திடமே ஈடு பெற்றுக் கழிவையும் இழவாதிருக்க நாக்-ஃபார்-நாக் என்னும் முறை உண்டு. கழிவு உரிமையாளர்க்குரியது; வண்டியை விற்றாலும் அதனைத் தம் புதிய வண்டிக்குக் கொண்டு செல்லலாம்.

2017 சூலை முதல் முழுக் காப்புறுதிக்கும், தீயும் திருட்டும் சேர்ந்த காப்புறுதிக்கும் ஒரே சீரான கட்டணம் என்பது போய், நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டணம் வேறுபடலாயிற்று. எனவே ஒரே முகவரிடம் கேட்டு அமையாமல் இரண்டு மூன்று இடங்களில் விசாரித்தல் தகும். விசாரிக்கையில் கட்டணத்தை மட்டும் ஒப்பிடலாகாது. கூடுதல் காப்புகள் எவை என்பதையும் ஒப்பிட வேண்டும்.

நேர்ந்த பின்

விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்பது சட்டம். நிறுவனத்துக்கும் உடனே அறிவிக்க வேண்டும். சாலையோரத்தில் நின்றுகொண்டு குற்றத்தை ஒப்பி எழுதித் தருவதும், தானே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்திடுவதும் கூடாதவை. நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அதனை ஒருநாளும் தாமதியாமல் நிறுவனத்திடம் சேர்க்க வேண்டும். நிறுவனம் ஈடு மறுத்து, அதன் விளக்கமும் நிறைவு தராவிடின், 2025 சனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைகள் ஓம்புட்ஸ்மேன் சேவையில் முறையிடலாம். பயனீட்டாளரிடம் அங்கே கட்டணம் வாங்குவதில்லை.

தோட்டப்புறத்தில் ஒரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு. புரியாத கடிதம் வந்தால் அதனை ஆசிரியரிடம் கொண்டுவந்து படித்துச் சொல்லக் கேட்பர். காப்புறுதிப் பத்திரமோ கடிதம் போல் தானே வந்து நிற்பதன்று. துன்பம் வந்த பின்னரே அதனை எடுத்து வருவர். அப்போது படித்துச் சொல்வதால் பயன் சிறிது. ஆகவே ஆசிரியர்கள் பெற்றோர் கூட்டத்திலும், மேல்வகுப்புக் கணக்குப் பாடத்திலும் இப்பொருளை முன்கூட்டியே எடுத்துக் கொள்வது நல்லது. மூவிடமும் தெரிந்த மாணவனுக்கு மூன்றாம் தரப்பு விளங்கும்; பின்னமும் நூற்றுவீதமும் தெரிந்த மாணவனுக்குக் கழிவு விளங்கும். அவன் வீட்டுக்குப் போய்ப் பத்திரத்தை வாங்கிப் பார்த்து, எவருக்கு, எதற்கு, எவ்வளவு என்று தந்தையைக் கேட்டால், அக்குடும்பம் அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே விடை தேடத் தொடங்கிவிடும்.